பீட்ரூட் ஜூஸ் அப்பாவுக்குக் கொடுக்கலாமா? நைட்ரிக் ஆக்சைடு நல்லதா, கெட்டதா?

பகுதி: உடல்நலம்

#1 கேத்தி_விவசாயி | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

அப்பாவுக்கு 71 வயசு. நாலு வருஷமா பார்க்கின்சன். வலது கைல நடுக்கமா ஆரம்பிச்சது, இப்ப நடையும் சின்னச் சின்ன எட்டு வச்சுத்தான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கீழே கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போறோம். லெவோடோபா மாத்திரை தினமும் நாலு வேளை.

போன மாசம் மச்சான் ஒரு டப்பா வாங்கிட்டு வந்தார். நைட்ரிக் ஆக்சைடு பூஸ்டராம். பீட்ரூட் பொடியும் ஆர்ஜினின்னு ஒண்ணும் கலந்தது, 2,400 ரூபா. மூளைக்கு ரத்தம் நல்லாப் போகும், நடுக்கம் குறையும்னு வித்தவர் சொன்னாராம். மூணு வாரமா காலைல ஒரு ஸ்பூன் தண்ணில கலக்கிக் குடுக்கறோம். நேத்து பெரியம்மா பொண்ணு வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு அனுப்புது. நைட்ரிக் ஆக்சைடு மூளை செல்லைக் கொல்லுமாம், பார்க்கின்சன், அல்சைமர் ரெண்டுக்கும் அதுதான் காரணமாம், பீட்ரூட்டு, கீரை எதையும் தொடாதீங்கன்னு போட்டிருக்கு.

கூத்து என்னன்னா, கேரட்டுக்கு அடுத்து நாங்க போடுறதே பீட்ரூட்டுதான். மூட்டை மூட்டையா மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏத்தி விட்டுட்டு, அதையே பொடியா டப்பால வாங்கிட்டு வந்து உக்காந்திருக்கோம்.

ஒருத்தர் அமிர்தம்ங்கறார், ஒருத்தர் விஷம்ங்கறார். ரெண்டும் ஒரே பொருளைப் பத்தித்தான். வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. டாக்டர்கிட்ட அடுத்த தேதி இன்னும் அஞ்சு வாரம் இருக்கு.

#2 மேல்குந்தா_மேகம் | திங்கள், இரவு 9.40

நைட்ரிக் ஆக்சைடுன்னா பல்லு புடுங்கும்போது மூக்குல வைப்பாங்களே, சிரிக்கிற வாயு, அதுதானே? அதை எதுக்கு அப்பாவுக்குக் குடுக்கறீங்க?

#3 ஓய்வுபெற்ற_டீச்சர் | திங்கள், இரவு 10.25

மேகம் தம்பி, அது நைட்ரஸ் ஆக்சைடு. அதில் நைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. இது நைட்ரிக் ஆக்சைடு, ஒன்றுக்கு ஒன்று. லாரிப் புகையில் வரும் பழுப்பு நிற நைட்ரஜன் டையாக்சைடு இன்னொன்று. பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஆளும் ஒன்றாகிவிடாது. கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தின காலத்தில் இதே குழப்பத்துக்கு வருஷா வருஷம் அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

கேத்தி தம்பி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நம் உடம்பே இந்த வாயுவைத் தயாரிக்கிறது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து, ஆக்சிஜனைச் சேர்த்து, சிட்ருலினாக மாற்றும்போது நைட்ரிக் ஆக்சைடு வெளியே வருகிறது. அதைச் செய்யும் நொதிக்கு மூன்று வடிவங்கள். இரத்தக் குழாயின் உள்சுவரில் ஒன்று, நரம்புச் செல்லில் ஒன்று, அழற்சி வரும்போது மட்டும் முளைக்கிற மூன்றாவது ஒன்று. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் 'நைட்ரிக் ஆக்சைடு நல்லதா கெட்டதா' என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. டப்பா விற்றவர் பேசுவது முதலாவதைப் பற்றி. வாட்ஸ்அப் பேசுவது மற்ற இரண்டைப் பற்றி.

குழாய்ச் சுவரில் உண்டாவது சுற்றியுள்ள தசையைத் தளர்த்தி குழாயை விரிக்கும். இரத்தக் குழாயின் உள்சுவரிலிருந்து ஏதோ ஒன்று வந்து குழாயைத் தளர்த்துகிறது என்று 1980-ல் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். அந்த 'ஏதோ ஒன்று' வெறும் வாயு என்று தெரிய இன்னும் ஏழெட்டு வருஷம் ஆனது. 1998-ல் அவருக்கும் லூயிஸ் இக்னாரோவுக்கும் ஃபெரிட் முராதுக்கும் நோபல். இதில் ஒரு வேடிக்கை. நைட்ரோகிளிசரினை வைத்து டைனமைட் செய்து பணம் சேர்த்தவர் ஆல்ஃபிரட் நோபல். கடைசிக் காலத்தில் அவருடைய நெஞ்சுவலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது அதே நைட்ரோகிளிசரின். அது உடம்பில் போய் விடுவிப்பது நைட்ரிக் ஆக்சைடைத்தான். நூறு வருஷம் கழித்து அவர் பெயரிலேயே அதற்குப் பரிசு.

நரம்பில் நடப்பதை நாளை எழுதுகிறேன். இங்கே கரண்ட் போய்ப் போய் வருகிறது.

#4 கோடநாடு_காத்து | செவ்வாய், காலை 7.05

டீச்சர், அருமை. ஆனா நம்ம ஆளுக்கு ஒரே வார்த்தை போதும். குடுக்கலாமா, வேண்டாமா?

#5 ஓய்வுபெற்ற_டீச்சர் | செவ்வாய், காலை 11.30

காத்து, ஒரே வார்த்தையில் சொல்கிறவர்தான் 2,400 ரூபாய்க்கு டப்பா விற்கிறார். கொஞ்சம் பொறுங்கள்.

மூளையில் வேலை செய்கிற மற்ற செய்தியாளர் பொருள்கள் பெரும்பாலும் சின்னப் பைகளில் அடைத்து வைக்கப்பட்டு, சைகை வந்ததும் அவிழ்க்கப்படுபவை. எதிர்ச் செல்லில் அதற்கென்று ஒரு வாசல் இருக்கும். நைட்ரிக் ஆக்சைடுக்குப் பையும் கிடையாது, வாசலும் கிடையாது. சாமி அறையில் போட்ட சாம்பிராணிப் புகை அடுப்படிக்கும் திண்ணைக்கும் போகிற மாதிரி, உண்டான இடத்திலிருந்து செல் சுவர்களைத் தாண்டிப் பரவும், சில நொடிகளில் இல்லாமல் போகும். மூளையில் இது செய்தி சொல்கிறது என்று 1988-ல் ஜான் கார்த்வெய்ட் குழு காட்டியது. ஞாபகம் பதிவதிலும் இதற்குப் பங்கு உண்டு. ஆகவே மூளைக்கு இது அந்நியன் அல்ல.

சிக்கல் எங்கே? நரம்புச் செல்லின் மேல் குளுட்டமேட் என்ற செய்தியாளர் பொருள் வந்து உட்காரும் என்எம்டிஏ என்ற வாசல் திறந்தால் கால்சியம் உள்ளே வரும். கால்சியம் வந்தால் நரம்பு நொதி விழித்துக்கொண்டு நைட்ரிக் ஆக்சைடு செய்யும். வாசல் திறந்து மூடினால் ஒரு சிட்டிகை வாயு, வேலை முடிந்தது. நோயில் வாசல் திறந்தபடியே கிடக்கிறது. வாயு நிற்காமல் வருகிறது.

அப்போதும் வாயு தனியாகப் பெரிய கேடு செய்வதில்லை. செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதானால் சூப்பர் ஆக்சைடு என்ற இன்னொன்று கசியும். வழக்கமாக அதை எஸ்ஓடி என்ற நொதி உடனே பிடித்து அழித்துவிடும். மிக வேகமான நொதி. ஆனால் நைட்ரிக் ஆக்சைடு பக்கத்தில் நிறைய இருந்தால், அந்த நொதி கை வைப்பதற்கு முன்னாலேயே இரண்டும் சேர்ந்துவிடும். சேர்ந்து வருவது பெராக்ஸிநைட்ரைட். ஜோசப் பெக்மன் 1990-ல் சொன்ன விஷயம் இது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பையன்களும் சுமாரான சேட்டைதான். ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் வகுப்பு காலி. கொழுப்பு, டிஎன்ஏ, புரதம் எதையும் பெராக்ஸிநைட்ரைட் விடாது. புரதத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடத்தில் ஒரு நைட்ரோ முத்திரை குத்திவிட்டுப் போகும்.

அந்த முத்திரையைத்தான் இறந்தவர்களின் மூளையில் தேடினார்கள். பார்க்கின்சன் மூளைச் செல்களில் லூயி உருண்டைகள் என்று புரதக் கட்டிகள் இருக்கும். அவற்றில் இருக்கும் ஆல்ஃபா சைனூக்ளின் புரதத்தின் மேலேயே இந்த முத்திரை இருக்கிறது என்று 2000-ல் காட்டினார்கள். உங்கள் வாட்ஸ்அப் செய்தியின் மூலம் எங்கோ இங்கேதான் இருக்கும். மூன்று பேர் கை மாறி வரும்போது 'பீட்ரூட்டைத் தொடாதே' ஆகிவிட்டது.

#6 குன்னூர்_எலிக்கூண்டு | செவ்வாய், மதியம் 2.48

டீச்சர் சொன்னது சரி, ஆனா ஒரு விஷயத்துல சண்டை போடணும். நான் குன்னூர்க்காரன், இப்ப கோயம்புத்தூர்ல நரம்பியல்ல ஆராய்ச்சிப் படிப்பு. பேரைப் பாத்தாலே தெரியும், நாள் முழுக்க எலியோடதான் வாழ்க்கை.

முத்திரை இருக்குங்கறது வேற, அந்த முத்திரைதான் கொன்னுச்சுங்கறது வேற. வீடு எரிஞ்ச இடத்துல சாம்பல் இருக்கும். சாம்பலா தீ வச்சுது?

இருந்தாலும் நைட்ரிக் ஆக்சைடு வெறும் சாம்பல் இல்லைன்னு நம்பறதுக்கு ஒரு நல்ல காரணம் இருக்கு. 1982-ல கலிஃபோர்னியால சில இளவட்டங்க கள்ளத்தனமா தயாரிச்ச போதை மருந்தை ஊசி போட்டுக்கிட்டாங்க. கொஞ்ச நாள்லயே கல்லு மாதிரி உறைஞ்சுட்டாங்க. இருபது, முப்பது வயசுல முத்தின பார்க்கின்சன் கோலம். வில்லியம் லாங்ஸ்டன்னு ஒரு நரம்பு டாக்டர் அதைத் தோண்டி, அந்த மருந்துல கலப்பா வந்த எம்பிடிபிங்கற பொருள்தான் காரணம்னு கண்டுபிடிச்சார். அது மூளைக்குள்ள போய் உருமாறி, உடம்பு அசைவுக்கு வேண்டிய டோபமைனைச் செய்யற செல்லுக்குள்ள மட்டும் குறிபாத்துப் புகுந்து, மைட்டோகாண்ட்ரியாவோட முதல் கட்டத்தை அடைச்சுடும்.

அதுக்கப்புறம்தான் நம்ம கதை. நரம்பு நைட்ரிக் ஆக்சைடு நொதி இல்லாத எலிகளை உண்டாக்கி அதே விஷத்தைக் குடுத்தாங்க. அதுங்களுக்கு டோபமைன் செல் சாவு குறைவு. அதே நொதியைத் தடுக்கிற மருந்து குடுத்த பபூன் குரங்குகளும் தப்பிச்சுது. ரெண்டும் 1996. அந்த வருஷம் இந்தத் துறைல இருந்தவங்க எல்லாம் மருந்து கையில வந்தாச்சுன்னே நெனச்சிருப்பாங்க.

வரலை. இன்னிக்கு வரைக்கும் நைட்ரிக் ஆக்சைடைத் தடுத்து பார்க்கின்சனை நிறுத்துற மருந்து ஒண்ணும் கடைல இல்ல.

#7 கோடநாடு_காத்து | செவ்வாய், மதியம் 3.15

ஏன் வரலை? குரங்கு வரைக்கும் வந்துட்டு?

#8 குன்னூர்_எலிக்கூண்டு | செவ்வாய், மாலை 6.30

நாலு காரணம் சொல்லலாம், ரெண்டு சொல்றேன்.

ஒண்ணு, டீச்சர் சொன்ன மூணு நொதியும் ஒரே சாயல். ஒண்ணைத் தடுக்கப் போனா மத்ததும் மாட்டும். குழாய்ச் சுவர்ல இருக்கறது மாட்டுனா பிபி ஏறும், மூளைக்கே ரத்தம் குறையும். மூணையும் சேர்த்துத் தடுக்கிற மருந்தை, உடம்பெல்லாம் கிருமி பரவி பிபி விழுந்து கிடந்த நோயாளிகளுக்குக் குடுத்துப் பாத்தாங்க. 797 பேர், முடிவு 2004-ல வெளிவந்தது. பிபி ஏறுச்சு. ஆனா 28 நாள்ல மருந்து வாங்கினவங்கள்ல 59 சதவீதம் பேர் செத்துட்டாங்க, வாங்காதவங்கள்ல 49. சோதனையைப் பாதிலயே நிறுத்திட்டாங்க. அது மூளை நோய் இல்லதான், ஆனா அதைப் பாத்தவன் எவனும் எழுபது வயசுப் பெரியவருக்கு வருஷக்கணக்கா இந்த மாதிரி மருந்து குடுக்கத் துணிய மாட்டான்.

ரெண்டு, எலி மனுஷன் இல்ல. அழற்சில முளைக்கிற அந்த மூணாவது நொதி, எலி மூளையோட காவல்கார செல்லான மைக்ரோக்ளியாவைத் தட்டுல வச்சுச் சீண்டினா பொங்கிட்டு வரும். மனுஷ செல்லை அதே மாதிரி சீண்டினா பேருக்கு எட்டிப் பாக்கும், சில சமயம் அதுவும் இல்ல. எலித் தட்டை மட்டும் பாத்து எழுதின எத்தனையோ கட்டுரை இதனால ஆட்டம் காணும். என்னோடதும் சேர்த்துதான், வாய விட்டுச் சொல்றேன்.

எம்பிடிபி ஒரே வாரத்துல செல்லைக் கொல்ற விஷம்ங்கறதையும் மறந்துடாதீங்க. கேத்தி அண்ணாவோட அப்பாவுக்கு கை நடுங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பல வருஷமா உள்ளே நடந்துட்டிருந்திருக்கும்.

#9 ஓய்வுபெற்ற_டீச்சர் | செவ்வாய், இரவு 8.10

சாம்பல் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எலிக்கூண்டு, முத்திரையோடு மட்டும் நிறுத்தினால் பாதிக் கதைதான். நைட்ரிக் ஆக்சைடு புரதத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு அந்தப் புரதத்தின் வேலையையே மாற்றும். எஸ்-நைட்ரோசிலேற்றம் என்பார்கள். பழுதான புரதத்துக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் 'அப்புறப்படுத்து' என்று சீட்டு ஒட்டுவது பார்க்கின் என்ற நொதி. அந்த மரபணு கெட்டால் இள வயதிலேயே பார்க்கின்சன் வரும். மரபணு நன்றாக இருப்பவர்களிடமும், நைட்ரிக் ஆக்சைடு ஒட்டினால் பார்க்கின் ஒழுங்காக வேலை செய்வதில்லை என்று 2004-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. நோயாளிகளின் மூளையிலும் அதைப் பார்த்தார்கள். பரம்பரையாக வருகிற நோயும் காரணம் தெரியாமல் வருகிற நோயும் ஒரே கதவில் வந்து முட்டுகின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

பரம்பரையாக வரும் ஹன்டிங்டன் என்ற மூளை நோயில் இன்னொரு விசித்திரம். மூளையின் நடுப்பகுதியில் கொத்துக் கொத்தாகச் செல்கள் சாகும். நைட்ரிக் ஆக்சைடு செய்கிற செல்கள் மட்டும் தப்பிக்கும். நம் ஊரில் தைலம் காய்ச்சுகிறவருக்கு அந்த நெடி மூக்கிலேயே ஏறாது, வழியில் போகிற நமக்குத்தான் கண் எரியும், அது மாதிரி.

#10 குன்னூர்_எலிக்கூண்டு | செவ்வாய், இரவு 9.02

பார்க்கின் விஷயம் ஓகே டீச்சர், அதை நானும் ஏத்துக்கறேன். ஆனா அதே பாணில அல்சைமருக்குச் சொன்னது தகராறுல நிக்குது. மைட்டோகாண்ட்ரியாவைப் பிரிக்கிற டிஆர்பி-1ங்கற புரதத்துல நைட்ரிக் ஆக்சைடு ஒட்டுறதால மைட்டோகாண்ட்ரியா துண்டு துண்டாகுதுன்னு 2009-ல ஸ்டுவர்ட் லிப்டன் குழு எழுதுச்சு. அடுத்த வருஷமே இன்னொரு குழு, ஒட்டுறது உண்மை, ஆனா அதனால அந்தப் புரதத்தோட வேகம் மாறலை, அல்சைமருக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லைன்னு எழுதிட்டாங்க. பாடப்புத்தகப் படத்துல முதல் கட்டுரை மட்டும் அழகா கலர்ல இருக்கும்.

என்எம்டிஏ வாசலைப் பாதி சாத்துற மெமன்டின் மாத்திரை அல்சைமருக்கு இருக்கு, அமெரிக்கால 2003-லயே அனுமதி. கொஞ்சம் உதவும், நோயை நிறுத்தாது. இந்த ஆராய்ச்சிப் பக்கத்துல இருந்து நோயாளி கைக்கு வந்ததுன்னு காட்டக்கூடிய மாத்திரை அது ஒண்ணுதான்.

#11 தேயிலை_ரெண்டு_ஏக்கர் | புதன், காலை 6.20

நான் படிச்சவன் இல்லை, குறுக்க வர்றேன். டீச்சர் சொன்ன சூப்பர் ஆக்சைடு, களைக்கொல்லியால வருமா? பாராகுவாட் அடிச்சா அப்படித்தான் களை கருகுதுன்னு முன்னாடி ஒரு விவசாய அதிகாரி சொன்னது ஞாபகம். இருபது வருஷம் முதுகுல டேங்க் மாட்டி அடிச்சிருக்கேன். கையுறையெல்லாம் அப்ப ஏது.

#12 ஓய்வுபெற்ற_டீச்சர் | புதன், காலை 9.45

படிச்சவன் இல்லை என்று சொல்லிவிட்டு, இந்த இழையிலேயே நல்ல கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் அண்ணா. ஆமாம். பாராகுவாட் செல்லுக்குள் எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு, மறுபடி வாங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சூப்பர் ஆக்சைடு. களையும் அதனால்தான் கருகுகிறது. அதாவது அந்த இரண்டு பையன்களில் ஒருவனை வேண்டிய மட்டும் கூட்டி வந்து விடுகிற பொருள்.

அமெரிக்காவில் பண்ணைகளில் மருந்து அடித்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2011-ல் வந்தது. பாராகுவாட்டோ, ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியோ பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு இருந்தது. தொடர்பு காட்டிய ஆய்வுதான் அது, காரணம் என்று நிறுவியது அல்ல. மருந்து அடித்த பெரும்பாலானவர்களுக்கு நோய் வரவும் இல்லை. நீங்கள் ராத்தூக்கம் கெட்டுப் போக வேண்டாம். இனிமேல் அடிப்பவர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடட்டும், நனைந்த சட்டையோடு டீக்கடையில் உட்கார வேண்டாம். நுரையீரலுக்குப் பாராகுவாட் செய்கிற கேடு பற்றி எந்தத் தகராறும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-லிருந்து அதற்கு அனுமதி இல்லை.

#13 மருந்துக்கடை_மணி | புதன், மதியம் 1.10

கோத்தகிரில மருந்துக்கடை வச்சிருக்கேன். ரெண்டு நாளா படிச்சுட்டே இருக்கேன், எல்லாரும் மூளைக்குள்ளேயே உலாத்தறீங்க. கேத்தி தம்பி, எனக்கு ரெண்டே கேள்வி. அப்பா பிபிக்கோ நெஞ்சுவலிக்கோ ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா? காலைல எந்திரிக்கும்போது தலை சுத்துதா?

#14 கேத்தி_விவசாயி | புதன், இரவு 8.35

மணி அண்ணா, பிபி மாத்திரை ஒண்ணு பல வருஷமா ராத்திரில சாப்பிடறார். நெஞ்சுவலி இல்ல.

தலை சுத்தறது... நீங்க கேட்ட அப்புறம்தான் அம்மாகிட்ட விசாரிச்சேன். ரெண்டு வாரமா காலைல கட்டில்ல இருந்து எந்திரிச்சா கண்ணு இருட்டுதுன்னு சொல்றாராம். போன வெள்ளிக்கிழமை பாத்ரூம் போற வழில சுவத்தைப் புடிச்சுட்டு அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டார். அடி ஒண்ணும் இல்ல. குளிருக்குத்தான் அப்படின்னு நெனச்சு யாரும் எங்கிட்ட சொல்லலை.

#15 மருந்துக்கடை_மணி | புதன், இரவு 9.00

அதைத்தான் நெனச்சேன். நாளைக்குக் காலைல இதைச் செய்ங்க. அப்பாவை அஞ்சு நிமிஷம் படுக்க வச்சு பிபி பாருங்க. எந்திரிக்க வச்சு ஒரு நிமிஷத்துலயும் மூணாவது நிமிஷத்துலயும் பாருங்க. பக்கத்துல ஒரு ஆள் தாங்கிப் புடிச்சுக்கணும். மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ அதுக்கு மேலயோ இறங்குச்சுன்னா, நிக்கும்போது பிபி விழுதுன்னு அர்த்தம்.

பார்க்கின்சன்காரங்களுக்கு இது ஏற்கெனவே வரக்கூடியது. எந்திரிச்சதும் குழாயை இறுக்குற நரம்பும் இந்த நோய்ல தளர்ந்து போகுது. லெவோடோபாவும் கொஞ்சம் இறக்கும். அதோட பிபி மாத்திரை. அதுக்கு மேல இப்ப பீட்ரூட் பொடி.

பீட்ரூட்டுல இருக்கறது நைட்ரேட். அது எச்சில்ல கலந்து வந்து, நாக்குல இருக்கற பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குது, உள்ளே போய் நைட்ரிக் ஆக்சைடு ஆகுது. டப்பா வித்தவர் சொன்னதுல இந்த அளவு நிஜம்தான். லண்டன்ல பிபி அதிகமா இருக்கறவங்களுக்கு தினம் 250 மில்லி பீட்ரூட் ஜூஸ் நாலு வாரம் குடுத்துப் பாத்தாங்க, 2015-ல வந்தது. மேல் பிபி சுமார் 8 புள்ளி இறங்குச்சு. பிபி ஏறி நிக்கறவருக்கு அது நல்ல சேதி. எந்திரிச்சாலே விழற பெரியவருக்கு அது இடுப்பெலும்பு சேதி.

நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில வைக்கறவங்க, 'அந்த' மாத்திரையும் (வயாக்ரா வகை) வாங்க வந்தா நான் குடுக்க மாட்டேன். ரெண்டும் ஒரே பாதைல வேலை செய்யும், பிபி பாதாளத்துக்குப் போயிடும். இதுக்காக எங்கிட்ட சண்டை போட்டவங்க உண்டு.

#16 ஓய்வுபெற்ற_டீச்சர் | புதன், இரவு 9.50

மணி சார் கேட்ட கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். பாடம் நடத்தும் ஆசையில் விட்டுவிட்டேன்.

அந்த டப்பாவில் உள்ள ஆர்ஜினின் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆர்ஜினின் கொடுத்தால் குழாய் மிருதுவாகும் என்று 153 பேரிடம் சோதித்தார்கள். 2006-ல் வந்த முடிவு, பலன் இல்லை. வாங்கியவர்களில் 6 பேர் இறந்தார்கள், வெறும் மாத்திரை வாங்கிய பக்கம் யாரும் இறக்கவில்லை. பாதியில் நிறுத்தினார்கள். தம்பியின் அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததில்லை, சரி. ஆனாலும் 'உடம்பில் இருக்கும் பொருள்தானே, கூடக் கொஞ்சம் சாப்பிட்டால் என்ன' என்கிறவர்களுக்கு இதைச் சொல்வேன்.

வாட்ஸ்அப் பயமும் வேண்டாம். வாயில் போட்ட பீட்ரூட் நைட்ரிக் ஆக்சைடாகப் பறந்து போய் டோபமைன் செல்லைத் தாக்காது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் அந்த வாயுவைப் பிடித்துச் செயலிழக்க வைத்துவிடும். செல்லுக்குள் நடக்கிற கேடு செல்லே தயாரிக்கிற வாயுவால். தட்டில் இருக்கும் பீட்ரூட் பொரியல் அதைக் கூட்டவும் போவதில்லை, குறைக்கவும் போவதில்லை.

#17 மேல்குந்தா_மேகம் | வியாழன், காலை 7.30

அப்ப ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை? விட்டமின் ஈ? அந்த ரெண்டு பையன்ல ஒருத்தனை அடக்கிடலாமே. அப்புறம் நாம ஏழாயிரம் அடில இருக்கோம், காத்துல ஆக்சிஜன் கம்மி, அதனால நமக்கு இந்த வாயு ஜாஸ்தியா?

#18 குன்னூர்_எலிக்கூண்டு | வியாழன், காலை 10.05

விட்டமின் ஈ பாத்தாச்சு. அமெரிக்கா, கனடால 800 பார்க்கின்சன் நோயாளிகள், தினம் 2,000 யூனிட். 1993-ல வந்த முடிவு, ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. கோஎன்சைம் க்யூ-10-ங்கற இன்னொரு ஆன்டி ஆக்சிடன்ட்டும் பெரிய சோதனைல 2014-ல அவுட்.

உயரம்: திபெத்துல 4,200 மீட்டர்ல வாழறவங்க ரத்தத்துல நைட்ரிக் ஆக்சைடு சார்ந்த பொருள்கள் தரைல இருக்கறவங்களை விட பத்து மடங்குக்கு மேல இருந்துச்சு, 2007-ல வந்த ஆய்வு. ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரக்கணக்கான வருஷம் அங்கேயே வாழ்ந்தவங்க கதையும் நம்ம கதையும் ஒண்ணில்ல.

இதுல நான் எதிர்பார்ப்போட பாக்கறது மூளையோட சின்ன ரத்தக் குழாய் நோய். அதனால வர்ற ஸ்ட்ரோக், மறதி. அங்க பிரச்சினையே குழாய்ச் சுவர்ல நைட்ரிக் ஆக்சைடு குறையறது. பிரிட்டன்ல 363 பேர்கிட்ட, நைட்ரிக் ஆக்சைடை விடுவிக்கிற ஐசோசார்பைட் மோனோநைட்ரேட் மாத்திரையும், குழாயை விரிக்கிற சிலோஸ்டசால் மாத்திரையும் ஒரு வருஷம் குடுத்துப் பாத்தாங்க, 2023-ல வந்தது. நம்பிக்கை தர்ற மாதிரி இருந்தது, பெரிய சோதனைதான் முடிவு சொல்லணும். கவனிங்க, ஒரு நோய்ல தடுக்கப் பாக்கறாங்க, இன்னொரு நோய்ல கூட்டப் பாக்கறாங்க. ரெண்டும் மூளைதான்.

#19 கோடநாடு_காத்து | வியாழன், மதியம் 12.20

பூனைக்காலி விதைப் பொடி குடுங்க அண்ணா. இயற்கையானது, கம்பவாதத்துக்கு நம்ம முன்னோர் குடுத்ததுதான்.

#20 மருந்துக்கடை_மணி | வியாழன், மதியம் 1.00

காத்து, பூனைக்காலில இருக்கறதே லெவோடோபாதான். 1937-லயே தாமோதரன், ராமசாமின்னு ரெண்டு பேர் அந்த விதைல இருந்து பிரிச்சு எடுத்திருக்காங்க. அதனால அது வேலை செய்யும், அதுதான் பிரச்சினையே. ஏற்கெனவே நாலு வேளை மாத்திரை சாப்பிடறவருக்கு அளவு தெரியாம அஞ்சாவது வேளை குடுத்த மாதிரி. பிபி இன்னும் விழும், கை கால் தன்னால ஆட ஆரம்பிக்கும். டாக்டருக்குத் தெரியாம வேண்டவே வேண்டாம்.

#21 கேத்தி_விவசாயி | சனி, இரவு 9.30

தாமதத்துக்கு மன்னிக்கணும், வெள்ளிக்கிழமை அறுவடை.

வியாழக்கிழமை காலைல பாத்தோம். படுத்திருந்தப்ப 136/80. எந்திரிச்ச ஒரு நிமிஷத்துல 108/68. மூணாவது நிமிஷம் 104/66, அப்பவே அப்பா உக்காரணும்னுட்டார். அன்னிக்கே கோயம்புத்தூர் டாக்டருக்கு போன் பண்ணி எண்களைச் சொன்னேன். டப்பாவை உடனே நிறுத்தச் சொன்னார். ராத்திரி பிபி மாத்திரையைப் பாதியாக்கிட்டு, ஒரு வாரம் தினமும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கார். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்க வைக்கவும், கட்டில்ல ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டு எந்திரிக்கவும் சொன்னார். நோட்டு போட்டாச்சு. இன்னிக்குக் காலைல நின்னப்ப 116/70.

சமையல்ல பீட்ரூட் சாப்பிடலாமான்னு கேட்டேன். தாராளமான்னுட்டார்.

மச்சானுக்குத்தான் முகம் சுண்டிப் போச்சு. பாவம், நல்லதுன்னு நெனச்சுத்தான் வாங்கினார். டீச்சர் எழுதினதெல்லாம் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு பையன் கதையைக் கேட்டு சிரிச்சார், ரொம்ப நாளைக்கப்புறம். கலிஃபோர்னியாக் கதையை மட்டும் ரெண்டு தடவ படிக்கச் சொன்னார். முழுசும் கேட்டுட்டு, சரி, நேத்து மண்டில நம்ம பீட்ரூட்டு என்ன வெலைக்குப் போச்சுன்னார். பதினாலு ரூபான்னேன்.

அந்த டப்பால எத்தனை கிலோ இருந்துச்சுன்னு கேக்கறார். கால் கிலோப்பா.

#22 தேயிலை_ரெண்டு_ஏக்கர் | சனி, இரவு 9.52

தம்பி, அந்தப் பொடி பண்ற மிஷின் என்ன வெலைன்னு விசாரிக்கட்டுமா?